தோலால் மூச்சுவிடும் உயிர்: செம்முதுகுச் சாலமண்டர்

தவளையும் தேரையும் நாம் அறிந்தவை. அவற்றின் உறவினமான சாலமண்டர் மலேசியக் காடுகளில் இல்லை. ஆகவே பலர் அதைப் படத்தில் கண்டாலும் பல்லி என்றே எண்ணுவர். பல்லி ஊர்வன இனம். அதற்குச் செதில் உண்டு. சாலமண்டரோ ஈரத்தோல் கொண்ட இருவாழ்வி.

வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளுக்கே உரிய சிற்றினம் செம்முதுகுச் சாலமண்டர். வாலையும் சேர்த்து ஏறத்தாழ 10 செண்டிமீட்டர் நீளமே இருக்கும். முதுகில் செந்நிறப் பட்டை ஓடும். பட்டையின்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் இருப்பவையும் உண்டு.

வாழும் முறை

இதற்கு நுரையீரல் கிடையாது. தோலும் வாயின் உட்புறமுமே மூச்சு உறுப்புகள். தோல் ஈரமாக இருந்தால்தான் உயிர்வளி உள்ளே செல்லும், உலர்ந்தால் இறப்புதான். எனவே பகலில் சருகு, கல், மக்கிய மரக்கட்டை ஆகியவற்றின் அடியில் பதுங்கியிருக்கும். மழை இரவுகளில் வெளிவந்து எறும்பு, சிலந்தி, உண்ணி முதலியவற்றை உண்ணும். குளிர்காலத்தில் உறைபனி எட்டாத ஆழத்திற்கு மண்ணுக்குள் இறங்கிவிடும். எதிரி பிடித்தால் வாலைக் கழற்றிவிட்டுத் தப்பும். வால் மீண்டும் வளரும்.

இருவாழ்வி என்றாலும் இது முட்டையிட நீரைத் தேடுவதில்லை. கோடையில் மக்கிய கட்டையின் உள்ளே சில முட்டைகளைக் கொத்தாக இடும். தாய் அவற்றைச் சுற்றி வளைந்து படுத்து, பொரியும் வரை பல வாரங்கள் காவல் காக்கும். தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுவதால், குஞ்சு தாயின் சிறு வடிவாகவே வெளிவரும்.

சிறியது, ஆனால் பெரும்படை

நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தின் ஹப்பர்ட் புரூக் காட்டில் பர்ட்டன், லைக்கன்ஸ் ஆகியோர் செய்த ஆய்வு 1975இல் வெளிவந்தது. அக்காட்டுச் சாலமண்டர்களின் மொத்த எடை, இனப்பெருக்கக் காலத்துப் பறவைகளின் மொத்த எடையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு என அது காட்டியது. அவற்றுள் பெரும்பகுதி செம்முதுகு இனமே. கண்ணுக்குப் படாத இவ்வுயிர்தான் பூச்சிகளை உண்டு, பாம்புக்கும் பறவைக்கும் உணவாகி, காட்டின் உணவுச் சங்கிலியை இணைக்கிறது.

வந்த ஆபத்து

மரங்களை வெட்டினால் வெயில் நேரே தரையில் விழும், மண் உலரும். இது எளிதில் விளங்கும். இன்னொரு பகை நாம் எதிர்பாராதது: மண்புழு! உழவரின் நண்பன் என்று படித்தோம். ஆனால் பனியுகத்தில் பனிப்பாறை மூடியிருந்த அவ்வடபகுதிக் காடுகளில் மண்புழுக்கள் இல்லை. மனிதரால் ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் சென்ற புழுக்கள் அங்குள்ள சருகுப் போர்வையைத் தின்றுவிடுகின்றன. சருகு குறைந்த இடங்களில் சாலமண்டர்களும் குறைந்ததை நியூயார்க், பென்சில்வேனியா காடுகளில் ஆய்வாளர்கள் கண்டனர்.

ஓரிடத்தில் நன்மை செய்யும் உயிர் வேறோரிடத்தில் கேடாகலாம் என்பதே இதில் நாம் பெறும் பாடம். நம் காடுகளிலும் மக்கிய கட்டை குப்பையன்று. பல உயிர்களின் வீடு. அடுத்த முறை காட்டில் ஒரு கட்டையைப் புரட்டிப் பார்த்தால், இருந்தபடியே மெல்ல வைத்துவிட்டு வருவோம்.