வானத்தில் ஒரு மந்திர ஆயுதம்: புதிய டி.எம்.களுக்கான முழுமையான வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் கதையை நடத்துகிற டி.எம். யாராக இருந்தாலும், ஒருநாள் இந்த ஆசை வந்தே தீரும்: வில்லன் கையில் வானத்திலிருந்து ஊரை அழிக்கும் ஆயுதம் ஒன்றைக் கொடுத்தால் என்ன? தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் முதல் அடியிலேயே தலைநகர் சாம்பல் என்று அறிவித்துவிட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. எவ்வளவு அழிக்கும் என்பதைவிட எப்படித் தடுக்கலாம் என்பதைத்தான் டி.எம். கவனமாக யோசிக்க வேண்டும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து ஒன்றை உருவாக்கிப் பார்ப்போம்.

படி 1: எதை வீசும்?

மூன்று வழிகள் உண்டு.

கோல்: போயிங்கில் வேலை பார்த்து, பின்னாளில் அறிவியல் புனைகதை எழுதிய ஜெர்ரி பூர்னெல் 1950-களில் யோசித்தது இது. வெடிமருந்தே வேண்டாம், கனமான டங்ஸ்டன் கோலின் வேகமே போதும். 6 மீட்டர் நீளமும் 30 செ.மீ. விட்டமும் உள்ள கோல் 8 டன்னுக்கு மேல் எடை இருக்கும். வினாடிக்கு 3 கி.மீ. வேகத்தில் மோதினால், ஏறக்குறைய 9 டன் டி.என்.டி. வெடித்ததற்குச் சமம். ஒரு கோட்டை நொறுங்கும், நகரம் தப்பிக்கும்.

கண்ணாடி: சூரிய ஒளியைக் குவித்து எரிப்பது. விண்வெளியில் பெரிய கண்ணாடி அமைப்பதைப் பற்றி ஹெர்மன் ஓபெர்த் 1929-இலேயே எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் பொறியாளர்கள் அதை ஆயுதமாக்கக் கணக்குப் போட்டார்கள். மேகம் வந்தால் இதன் பலம் குறையும். 'கன்ட்ரோல் வெதர்' தெரிந்த மந்திரவாதி ஒருவர் போதும்.

வாசல்: 'கேட்' போன்ற 9-ஆம் நிலை மந்திரத்தால் நெருப்புலகத்தின் கதவைத் திறந்து தீயைக் கொட்டுவது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும், கட்டுப்படுத்துவது கடினம்.

முதல்முறை செய்பவர்கள் கோலையே எடுங்கள். கணக்கும் எளிது, கதையும் எளிது.

படி 2: எவ்வளவு உயரத்தில்?

உங்கள் உலகமும் பூமியைப் போன்றது என்று வைத்துக்கொள்வோம். 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் பொருள் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றிவிடும். அதற்குள் கீழே பூமி 22 டிகிரிக்கு மேல் திரும்பியிருக்கும், ஆகவே அடுத்த சுற்றில் அதே ஊர் அதன் அடியில் இருக்காது. 35,786 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு மேலே நிறுத்தினால் ஒரே இடத்தில் நிற்கும். ஆட்டத்துக்குத் தாழ்ந்த சுற்றுப்பாதைதான் நல்லது. "நாளை விடியலில்தான் மறுபடி நம் தலைக்கு மேல் வரும்" என்று ஜோதிடர் சொன்னால், வீரர்களுக்கு ஓர் இரவு கிடைக்கிறது.

இன்னொன்று: சுற்றுப்பாதையில் கோலைக் கைவிட்டால் அது கீழே விழாது, கூடவே சுற்றும். அதன் வேகத்தைக் குறைக்க ஒரு மந்திரம் வேண்டும். அந்த மந்திரத்தைப் போடுபவர்தான் வீரர்களின் முதல் இலக்கு.

படி 3: யார் குறி பார்ப்பது?

'ஸ்க்ரையிங்' மந்திரம் அதிகபட்சம் 10 நிமிடம் நீடிக்கும், அதுவரை போட்டவர் கவனம் சிதறக் கூடாது. அதை மட்டும் நம்பாமல் தரையில் ஓர் அடையாளக் கல்லும் தேவை என்று வையுங்கள். ஒற்றன் ஒருவன் அதைக் கோட்டைக் கிணற்றடியில் புதைக்கிறான். கல்லைக் கண்டுபிடிப்பவர்கள் அதை வில்லனின் முகாமுக்கே கொண்டுபோகலாம்.

படி 4: சேதக் கணக்கு

விதிப்புத்தகத்தை அப்படியே பின்பற்றினால் ஏமாற்றம்தான். விழும் சேதம் 10 அடிக்கு ஓர் ஆறு பக்கப் பகடை, அதிகபட்சம் 20 பகடை. சராசரி 70. 200 அடியிலிருந்து விழுந்தாலும் வானத்திலிருந்து விழுந்தாலும் ஒன்றுதான். 'மீட்டியோர் ஸ்வார்ம்' தெரிந்த ஒரே ஒரு மந்திரவாதியின் சராசரியோ 140. இன்னொரு வேடிக்கை: 'ஸானதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்' (2017) தரும் விருப்ப விதிப்படி, விழுபவர் 6 வினாடிச் சுற்று ஒன்றுக்கு 500 அடி இறங்குவார். கோலுக்கும் அதையே வைத்தால், 400 கி.மீ. இறங்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எனவே சொந்தமாக மூன்று வளையம் போடுங்கள்.

- நடுவில்: எல்லாம் அழியும், பகடையே வேண்டாம்.
- அடுத்து: 'மீட்டியோர் ஸ்வார்ம்' அளவு சேதம், டெக்ஸ்டெரிட்டி சேவில் தப்பினால் பாதி.
- வெளியே: அதிர்ச்சி, புழுதி, இடிபாடு.

நடு வளையத்துக்குள் வீரர்களை எச்சரிக்கையின்றி ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

படி 5: பலவீனம்

திரிபுரக் கதையை நினைத்துப் பாருங்கள். மயன் கட்டிய மூன்று பறக்கும் கோட்டைகள், ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நேர்கோட்டில் வரும்போது ஒற்றை அம்பால்தான் அழியும். வரம் கொடுத்த கையோடு வழியும் வைத்த கதை அது. நீங்களும் குறைந்தது மூன்று வழி வையுங்கள்.

- நேரில் போய் அழிப்பது: 'ஸ்பெல்ஜாமர்' உலகக் கப்பல்கள் இதற்கென்றே இருக்கின்றன. அவற்றின் மந்திர இருக்கையில் மந்திரவாதி அமர்ந்தால் கப்பல் வானேறும்.
- குறியைக் கெடுப்பது: கல்லைத் திருடுவது, மாற்றி வைப்பது.
- ஆளைத் திருப்புவது: இயக்கும் மந்திரவாதி விரும்பியா அங்கே இருக்கிறார்?

படி 6: ஆட்டத்தில் இறக்குவது

முதல் செஷனில் ஆளில்லாத ஒரு குன்று மறையட்டும். இரண்டாவதில் வீரர்களுக்குத் தெரிந்த ஒரு காவல்கோட்டை. மூன்றாவது குறி அவர்கள் ஊர் என்பது முன்கூட்டியே தெரியட்டும். மொத்தக் கோல்களை எண்ணி வையுங்கள், ஐந்து போதும். கடைசியில் ஆயுதம் வீரர்கள் கைக்கே வரும், அப்போது மிச்சம் இரண்டு கோலுக்கு மேல் இருந்தால் உங்கள் அடுத்த வில்லன் பிழைக்க மாட்டான்.

அடுத்த செஷனுக்கு முன் ஒரு தாளில் இந்த ஆயுதத்தை வீழ்த்தும் மூன்று வழிகளை எழுதிப் பாருங்கள். மூன்று வரவில்லை என்றால், அது இன்னும் மேசைக்குத் தயாராகவில்லை.