படங்களால் சிந்தித்த பெண்மணி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1947-இல் பிறந்த டெம்பிள் கிராண்டின், மூன்று வயது கடந்தும் பேசவில்லை. ஆட்டிசம் கொண்ட அக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிடுமாறு கூறினர். தாயார் இணங்கவில்லை, பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார், பள்ளிக்கு அனுப்பினார்.

நம்மில் பலர் சொற்களால் சிந்திக்கிறோம். கிராண்டினோ படங்களால் சிந்தித்தார். மாடுகள் செல்லும் ஒடுங்கிய பாதையில் தாமே இறங்கி, அவற்றின் கண் மட்டத்திலிருந்து நோக்கினார். தொங்கும் சங்கிலியும் தரையில் விழும் நிழலுமே அவற்றை மிரட்டுகின்றன எனக் கண்டார். அவை மிரளாமல் நடக்க, வளைந்த பாதைகளை வடிவமைத்தார். 1986-இல் தம் வாழ்வை நூலாக எழுதினார். 1989-இல் கால்நடை அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

வகுப்பில் ஒதுங்கி அமர்ந்திருக்கும் தோழியை 'மந்தம்' என நாம் முடிவு கட்டலாமா? நமக்குப் புலப்படாத ஒன்றை அவள் காணக்கூடுமன்றோ? அருகில் அமர்ந்து, பொறுமையோடு கேட்போம்.