மறதி நோயாளர்க்கு உகந்த இல்லம்

தம் வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று கேட்கும் முதியவரைக் கண்டு குடும்பத்தார் கலங்குவர், கதவைப் பூட்டுவர். மறதி நோயில் அண்மைய நினைவுகள் முதலில் மங்கும். பழையவை நெடுநாள் நிலைக்கும். ஆகவே அவர் தேடுவது பெரும்பாலும் இளமையில் வாழ்ந்த வீட்டையே.

நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகவேக் இல்லம் இதனை உணர்ந்து அமைக்கப்பட்டது. அங்கு அறுவர் எழுவராக ஒரு வீட்டில் வாழ்கின்றனர். வளாகத்துத் தெருவிலும் தோட்டத்திலும் தடையின்றி உலாவுகின்றனர். காவல் வெளிவாயிலில் மட்டுமே.

மயிலம் பகுதியின் பழைய முற்றம் வைத்த வீடுகளிலும் இவ்வசதி உண்டு. முற்றத்தைச் சுற்றி நடப்பவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவார், வழி தவறார்.

கழிவறைக் கதவுக்குச் சுவரினின்று வேறுபட்ட வண்ணம் தீட்டுங்கள். அது படுக்கையிலிருந்து தெரியட்டும். கருநிறக் கால்மிதி பள்ளமாகவும், பளபளக்கும் தரை நீராகவும் தோன்றலாம், இரண்டையும் தவிருங்கள். அந்திக்கு முன்பே விளக்கேற்றுங்கள். கண்ணாடியில் தம் உருவை அந்நியராகக் கண்டு அஞ்சினால், அதனைத் திரையிட்டு மூடுங்கள். பழகிய நாற்காலியையும், மலைக்கோவில் தெரியும் சாளரத்தையும் மாற்றாதீர்கள்.

மீண்டும் அவர் வீட்டைக் கேட்கும்போது வாதிட வேண்டா; கைப்பற்றி முற்றத்தில் உடன் நடந்து வாருங்கள்.