டிவி பெருசானா படம் தெளிவாயிடுமா?

போன தீபாவளி போனஸ்ல எங்க வீட்டுக்கு 43 இன்ச் 4கே டிவி வந்தது. அப்பா பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். வருஷம் பூரா நின்னு உழைச்ச காசு அந்த அட்டைப்பெட்டிக்குள்ள இருந்தது. சீரியல் போட்டதும் அம்மிச்சி சொன்னாங்க: "ஏங்கண்ணு, பழைய டிவியிலயே மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதே!"

எனக்குக் கடைக்காரர் மேல கோபம். ஆனா தப்பு டிவியில இல்லை. வீரபாண்டியில அடுத்த போனஸுக்கு டிவி வாங்கப் போறீங்கன்னா, காசு கட்டறதுக்கு முன்னாடி உங்க கேபிள் பாக்ஸைத் திருப்பிப் பாருங்க.

2017-ல அரசு கேபிள் வீடுவீடா இலவசமா கொடுத்த செட்டாப் பாக்ஸ் பெரும்பாலும் எஸ்டி ரகம். அது அனுப்பும் படம் 720 × 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் இருப்பதோ 3840 × 2160, ஏறக்குறைய 83 லட்சம். இருபது புள்ளியில் ஒன்றுதான் கேபிள்ல வருது. மிச்சம் பத்தொன்பதையும் டிவி தானா கணக்குப் போட்டு நிரப்புது. மூஞ்சி மெழுகு பொம்மை மாதிரி தெரியறதுக்குக் காரணம் அதுதான். கடையில நாம வாயைப் பிளந்து பார்த்தது பென்டிரைவ்ல ஓடிய 4கே டெமோ!

அடுத்து ஒயர். மஞ்சள் பின் ஒயர்ல வெளிச்சமும் கலரும் ஒரே கம்பியில் கலந்து வரும். டிவி அதைப் பிரிக்கும்போது தடுமாறும். பொடிக் கோடு போட்ட டி-ஷர்ட்டை யாராவது போட்டு வந்தா, கோட்டு மேல வானவில் நெளியும், பாருங்க. நம்ம ஊர்க்காரங்க கண்ணுக்கு இது தப்பாது. பாக்ஸ்ல ஹெச்டிஎம்ஐ இருந்தா அதையே மாட்டுங்க. புள்ளி கூடாது, நெளியறது நிக்கும்.

இனி தூரம். நல்ல கண்ணு ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு வரைக்கும் பிரிச்சுப் பார்க்கும். அந்தக் கணக்குல, எஸ்டி படத்தைத் திரை உயரத்தைப் போல 6 மடங்கு தள்ளி உக்காந்து பார்க்கணும். 32 இன்ச் டிவியோட உயரம் சுமார் 40 செ.மீ., அதனால 8 அடி போதும். 43 இன்ச்னா பத்தரை அடி. பத்துக்குப் பத்து லைன் வீட்டுல பத்தரை அடிக்கு எங்க போறது? சுவத்துக்குள்ளயா?

ஹெச்டி பாக்ஸ்னா கதையே வேற. 1080 கோடு வர்றதால உயரத்தைப் போல 3 மடங்கு போதும்; 43 இன்ச்சுக்கு ஐந்தரை அடி. 8 அடியில உக்காந்தா ஃபுல் ஹெச்டிக்கும் 4கேக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனா ஹெச்டி சேனலுக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதை மாசச் செலவுல சேர்த்துக்கோங்க.

நாங்க பாக்ஸை மாத்தி, அம்மா பார்க்கிற ரெண்டு சேனலை மட்டும் ஹெச்டியில எடுத்தோம். இப்ப அம்மிச்சி ஒண்ணும் சொல்றதில்லை. நீங்க கடைக்குப் போனா டெமோவை நிறுத்தச் சொல்லி, சாதா கேபிள் சேனல் ஒண்ணு போடச் சொல்லுங்க. உங்க வீட்டுக் கட்டிலுக்கும் சுவத்துக்கும் எத்தனை அடியோ, அத்தனை அடி தள்ளி நின்னு பாருங்க.