டீசல் துளியும் பேருந்துப் புகையும்

பெங்களூர் சிவாஜிநகர் பேருந்து நிலையம் ரஸ்ஸல் சந்தைக்கும் பௌரிங் மருத்துவமனைக்கும் அண்மையில் அமைந்துள்ளது. இங்கு டீசல் பேருந்தொன்று கரும்புகை கக்கினால், அதனைச் சுவாசிப்போர் பயணிகள் மட்டுமல்லர். வணிகரும் நோயாளிகளும் ஆவர். இப்புகையின் தோற்றுவாயை அறிய, எஞ்சினுக்குள் ஒரு டீசல் துளி அடையும் கதியை ஆராய்தல் வேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இடப்படுவதில்லை. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்டு, ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அதனுள் டீசல் நுண்துளைகள் வழியாகப் பீச்சப்பட்டு, மிகச் சிறு துளிகளாகச் சிதறுகிறது. அது ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே எரிகிறது.

ஆவியாதற்கு வேண்டிய வெப்பத்தைச் சூழ்ந்துள்ள காற்றே அளிக்கிறது. துளியின் விட்டம் இரு மடங்கானால், அது ஆவியாக ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். துளி விரைந்து செல்கையில் வெப்பம் மிகுதியாகப் பாய்கிறது. இதற்கென ரான்ஸ், மார்ஷல் ஆகியோர் 1952 இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. எனினும், துளியிலிருந்து வெளியேறும் ஆவியே திரைபோல் நின்று, உட்புகும் வெப்பத்தையும் காற்றின் தடையையும் ஓரளவு குறைத்துவிடுகிறது.

இங்கு ஒரு முரண்பாடு எழுகிறது. சிறு துளி விரைவில் ஆவியாகும். ஆனால் காற்றுத் தடையால் வேகமிழந்து, தொலைவிலுள்ள காற்றை எட்டாது. பெருந்துளி தொலைவு செல்லும். ஆனால் முற்றும் ஆவியாகுமுன் சிலிண்டர் சுவரில் மோதக்கூடும். எவ்வாறாயினும், எரிபொருள் செறிந்து காற்று போதாத இடத்தில் கரித்துகள் உண்டாகிறது. பீச்சுக்குழல் பழுதுற்றால் பெருந்துளிகள் மிகுகின்றன.

பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடற்கரை நகரங்களைவிட இங்கு காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே, டர்போ அமைப்பு இல்லாத எஞ்சினில் துளிகளுக்குத் தடையும் குறையும், எரிதற்கான ஆக்சிஜனும் குறையும். சென்னைக்குப் பொருந்தும் எரிபொருள் அளவு இங்கு மிகையாகலாம்.

டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று 2012 இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இவை பெரும் முன்னேற்றங்களே. ஆயினும் தூய எரிபொருள் பழுதுற்ற பீச்சுக்குழலைச் சீர் செய்துவிடாது. பழைய வண்டிகள் ஓடும் வரை, பணிமனையில் அதனை உரிய காலத்தில் சோதிப்பது இன்றியமையாதது. கரும்புகையாக வீணாவது அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கிய எண்ணெய். அதன் மற்றொரு விலையைச் செலுத்துவது மக்களின் நுரையீரல்.