பளிங்குகளின் காந்தத் திசைவேறுபாடு

விறகை நார்வழியே பிளத்தல் எளிது. குறுக்கே பிளத்தல் அரிது. அவ்வாறே பளிங்குகள் பலவும் ஒரு திசையில் ஒருவாறும் மறுதிசையில் வேறொருவாறும் காந்தப்புலத்துக்கு இணங்குகின்றன. இதுவே காந்தத் திசைவேறுபாடு எனப்படும்.

தமிழ்நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்த சர் கே. எஸ். கிருஷ்ணன் (1898–1961) டாக்காவிலும், 1933 முதல் கல்கத்தாவிலும் இதனை நுணுகி ஆராய்ந்தார். சிறு பளிங்கொன்றை மெல்லிய குவாட்சு இழையிலே தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவ்விழை முறுகும் அளவைக் கணித்தார். நப்தலீன் போன்றவற்றின் தட்டையான மூலக்கூறுகள் பளிங்கினுள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதை அம்முறுக்கே உணர்த்திற்று.

இன்று தனி மூலக்கூறொன்றே காந்தமாதலும் அறியப்பட்டுள்ளது. அதன் காந்தநிலைகள் இரண்டும் இரு பள்ளத்தாக்குகளை ஒக்கும். திசைவேறுபாடே இடைநிற்கும் மலை. நம் றொசல்ல மலைகளை ஏறிக் கடவாது அப்பாற் செல்லல் இயலாதன்றோ? அங்ஙனமே, தடைமலை உயர உயரக் காந்தநிலை நிலைக்கும். வெப்பம் மிகின் அம்மலை கடக்கப்படும், நிலை மாறும்.

பன்னிரு மங்கனீசு அணுக்கள் கொண்ட மூலக்கூறு இத்தகையதென்பது 1993 இல் வெளியாயிற்று. ஆயின் அது சில கெல்வின் குளிரிலேயே காந்தநிலையைக் காத்தது. 2018 இல் டிசிப்புரோசியச் சேர்வையொன்று 80 கெல்வினிலும் காத்தது. திரவ நைதரசன் கொதிப்பது 77 கெல்வினிலாதலின் இது பெரும்பேறு. மூலக்கூறொன்றில் ஓர் இலக்கத்தைப் பொறித்து வைக்கலாமென்னும் நம்பிக்கை இதனால் வலுத்தது. அறைவெப்பநிலையோ இன்னும் நெடுந்தொலைவு.

மாணவர்காள்! ஓர் இழையும் சிறு பளிங்கும் கூர்ந்த நோக்குமே இவ்வாராய்ச்சிக்கு வழிகோலின என்பதை மறவாதீர்கள்.