மரவள்ளி லோடுக் கணக்கும் மேகத் தரவுத்தளமும்: கைப்பேசிச் செயலியை இணைக்கும் முறை

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளிப் பாகங்களில் மரவள்ளி பயிரிடும் குடியானவர்களுக்குக் கிழங்கைத் தோண்டுவதைக் காட்டிலும் அதன் கணக்கைக் காப்பாற்றிக்கொள்வது பெருஞ் சிரமமாக இருந்துவருகிறது. தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்குமாதலால், லாரி வந்தவுடன் ஏற்றியனுப்ப வேண்டியதாகிறது. ஆலையில் எடை கண்டு, மாவுச்சத்தைச் சோதித்து இத்தனை 'பாயிண்ட்' என்று குறிப்பதைக் கொண்டு விலை தீர்மானமாகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து லாரி பேசி அனுப்புமிடத்து, எவருடைய லோடு எத்தனை டன், என்ன பாயிண்ட் என்பது ஒருவர் சட்டைப்பையிலுள்ள துண்டுச் சீட்டில் நிற்கிறது. ஸ்டார்ச்சு, ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் 1981-ஆம் வருஷத்திலேயே சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். கிழங்கு விளைவிப்போருக்குத் தங்கள் கணக்காவது ஓரிடத்தில் இருக்க வேண்டாமா?

2018-ஆம் வருஷத்தில் தமிழக அரசாங்கம் வெளியிட்ட உழவன் செயலியைப் பெரும்பாலோர் அறிவர். அது சந்தை விலை, மானியம், வானிலை முதலியவற்றை அறிவிப்பது. ஒரு குழுவின் லோடுக் கணக்குக்கு அக்குழுவே தனிச் செயலி வைத்துக்கொள்ளல் வேண்டும். இதை எழுதக் கற்ற பிள்ளைகள் இக்காலத்தில் பல கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டுமென்பதை நிலச் சொந்தக்காரர்கள் தெரிந்துகொள்ளும் பொருட்டே இப்பாடம் எழுதலாயிற்று.

குழுவில் சிலரிடம் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் சிலரிடம் ஐபோனும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியே எழுதுவது வீண் செலவாகும். கூகுள் கம்பெனியார் 2018 டிசம்பரில் முதல் நிலைப்பதிப்பாக வெளியிட்ட பிளட்டர் என்னும் சாதனத்தால் ஒரே முறை எழுதி இரண்டிலும் ஓட்டலாம். கணக்குப் புத்தகமோ கைப்பேசியில் இராமல், தூரத்திலுள்ள கணினியில் இருக்கும். இதையே மேகத் தரவுத்தளம் என்கிறார்கள். மேற்படி கம்பெனியார் 2014 அக்டோபரில் வாங்கிய பயர்பேஸ் இவ்வகையைச் சேர்ந்தது. சாதாரணத் தரவுத்தளத்தில், குடியானவர் கச்சேரிக்கு நடந்து போய் விசாரிப்பதுபோல, கைப்பேசி கேட்டால்தான் விடை வரும். பயர்பேஸின் உடனடித் தரவுத்தளத்திலோ இணைப்பு திறந்தபடியே இருப்பதால், ஒருவர் எழுதியது தண்டோராப் போட்டாற்போல மற்றெல்லாக் கைப்பேசிகளுக்கும் தானே சென்று சேரும்.

இணைக்கும் வேலை அரை மணி நேரத்தது. பயர்பேஸ் தளத்தில் ஒரு திட்டத்தைப் பதிந்து, 'பிளட்டர்பயர் கான்பிகர்' என்னும் கட்டளையைக் கணினியில் இட்டால், இருவகைக் கைப்பேசிகளுக்கும் வேண்டிய முகவரிக் குறிப்புகள் தாமே எழுதப்படும். தரவுத்தளம் இருக்குமிடம் அமெரிக்காவா, பெல்ஜியமா, சிங்கப்பூரா என்று ஒரு கேள்வி வரும். நமக்குச் சிங்கப்பூரே சமீபம். பிறகு மாற்ற இடமில்லையாதலால் இதை யோசித்துச் சொல்லவேண்டும். குறிப்புகளில் காணும் 'சாவி' பிறர் கண்ணில் பட்டால் கணக்குப் போய்விடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. அது வீட்டு விலாசம் போன்றதேயன்றிப் பூட்டின் சாவியன்று. பூட்டாக இருப்பவை 'விதிகள்' என்னும் வேறொரு பகுதி. அங்கேதான் நான் தவறு செய்தேன்.

இராசிபுரம் பக்கத்தில் ஒரு குழுவுக்கு என் மேற்பார்வையில் செயலி அமைத்தபோது, சௌகரியத்தை முன்னிட்டுத் தரவுத்தளத்தைச் சோதனை முறையில் திறந்துவைத்தோம். சோதனை முறையில் விலாசம் தெரிந்த எவரும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். முப்பது நாட்கள் கழிந்ததும் அதுவே முற்றிலும் அடைத்துக்கொள்ளும். முப்பத்தொன்றாம் நாள் நடு அறுவடையில் வந்தது. பதிந்த லோடு கைப்பேசியில் ஒரு கணம் தோன்றி, மறுப்பு வந்தவுடன் மறைந்தது. கிழங்கோ வரப்பில் குவிந்திருந்தது. அன்று பட்ட அவமானத்தை நான் மறக்கவில்லை.

ஆகையால் முதல் நாளே விதிகளை எழுதிவிடவேண்டும். பெயர்ப்பதிவு செய்து நுழைந்த அங்கத்தினர் மட்டும் படிக்கலாம். அவரவர் லோடை அவரவரே எழுதலாம். பாயிண்டைக் காரியதரிசி மாத்திரம் குறிக்கலாம். எடை எண்ணாகவும் பூஜ்யத்துக்கு மேற்பட்டும் இருக்கவேண்டும் என்று இவ்வளவும் விதியிலேயே அடங்கும். மேல் கிளையில் கொடுத்த அநுமதியைக் கீழ்க் கிளையில் பறிக்க இயலாது என்பதை எழுதும் பிள்ளைக்கு நினைவூட்டுக. உச்சியில் எல்லோருக்கும் திறந்துவிட்டுக் கீழே பூட்டுவதில் பிரயோஜனமில்லை.

கணக்கின் அமைப்பில் இன்னொரு பிசகு நேர்ந்தது. மொத்த டன்னை ஒரே இடத்தில் எழுதி, லோடு வரும்போதெல்லாம் கூட்டி மாற்றும்படி செய்திருந்தோம். மொத்தம் 40 டன் இருக்கையில் ஒருவர் 8 டன் கூட்டி 48 என்றெழுதினார். அதே சமயம் மற்றொருவர், பழைய 40-ஐயே கண்டவராய், 6 கூட்டி 46 என்றெழுதினார். பின்னது நின்றது. உண்மை 54 டன்; எட்டு டன் கணக்கில் இல்லை. எட்டு டன் என்பது ஒரு சிறு குடியானவரின் வருஷப் பாட்டில் பெரும் பங்கு. ஆலையின் எடைச் சீட்டைக் குழுவினர் பத்திரமாக வைத்திருந்தபடியால் பாக்கி தீர்ந்தது.

இதற்குப் பரிவர்த்தனை என்னும் எழுத்து முறை உண்டு. பழைய தொகை இடையில் மாறியிருந்தால் அது திரும்பக் கணக்கிட்டு எழுதும். ஆயினும் சிக்னல் இல்லாத வயலில் செயலியை மூடித் திறந்தால் அது நிலைப்பதில்லை. ஆதலால் மொத்தத்தை எழுதாமல், ஒவ்வொரு லோடையும் தனித்தனி வரியாகப் பதிந்து, மொத்தத்தைப் பார்க்கும்போது கூட்டிக்கொள்வதே உத்தமம். வரிக்கு வரி இரட்டிக்காத குறியீட்டைத் தரவுத்தளமே கொடுக்கும். நேரத்தைக் கைப்பேசிக் கடிகாரத்திலிருந்து எடாமல் தூரக் கணினியிலிருந்து எடுக்கச் சொல்லுக. தவிர, ஒரு கிளையைப் படித்தால் அதன் கீழுள்ளதெல்லாம் இறங்குமாகையால், லோடு வரிகளை அங்கத்தினர் விவரத்தின் அடியில் செருகாமல் தனிக் கிளையாக வைத்தல் வேண்டும்.

கொல்லிமலை அடிவாரத்துக் காடுகளில் சிக்னல் சரியாகக் கிடையாதாகையால், கைப்பேசியிலேயே பதிவைச் சேமித்துவைக்கும் ஏற்பாட்டைச் செயலியில் இயக்கிவைத்தல் அவசியம். இயக்காவிடில் பதிவு நினைவில் மட்டும் நின்று, செயலியை மூடியவுடன் போய்விடும். இயக்கினால் சிக்னல் கிடைத்ததும் தானே போய்ச் சேரும். சேர்ந்ததையும் சேராததையும் வேறு நிறத்தில் காட்டும்படி செய்வித்தால், லாரிக்காரருடன் வீண் வாக்குவாதம் நேராது.

செலவைப் பற்றி: பயர்பேஸின் இலவசத் திட்டத்தில் ஒரே சமயத்தில் நூறு இணைப்புகள், 1 ஜிகாபைட் சேமிப்பு, மாதத்துக்கு 10 ஜிகாபைட் இறக்கம் வரையில் அநுமதி. ஒரு கிராமத்துக் குழுவுக்கு இது போதும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் சங்கக் காரியதரிசிகளும் ஒன்று கவனிக்க வேண்டியிருக்கிறது. இவ்விதச் செயலியில் ஆதார் எண்ணையும் பாங்குக் கணக்கையும் ஏற்றும்படி சிலர் கேட்கிறார்கள். லோடுக் கணக்குக்கு அவை வேண்டியதில்லை. பிறருடைய சொந்த விவரங்களை மின்வடிவில் வைத்திருப்போருக்கு 2023-ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடமைகளை விதிக்கிறது. பெயர், லோடு தேதி, எடை, பாயிண்ட், லாரி எண் ஆகிய ஐந்தும் போதும். ஆலைச் சீட்டுகளைப் பட்டுவாடா முடியும்வரை கிழிக்காமல் வைத்திருந்து, வாரம் ஒரு முறை செயலியின் வரிகளோடு காரியதரிசி ஒத்துப் பார்க்கவேண்டும்.